‘நல்லா இருக்கு’ என்று மட்டும் சொல்லாதீர்கள்

மாலை நிகழ்ச்சி முடிந்து ஒலிவாங்கியை அணைத்த பிறகும் ஒரு தொலைபேசி விளக்கு மட்டும் எரிந்துகொண்டே இருந்தது. பாடல் விருப்பம் கேட்கும் நேயராக இருக்கும் என்று எடுத்தேன். பட்டர்வொர்த்திலிருந்து ஒரு தம்பி. பாடல் எதுவும் கேட்கவில்லை.

“அக்கா, நான் ஒரு செயலி செஞ்சிருக்கேன். டியூஷன் வேன் எங்க வந்துக்கிட்டு இருக்குன்னு அம்மா அப்பா கைப்பேசியில பாத்துக்கலாம். இத யார்கிட்ட காட்டுறதுன்னுதான் தெரியல. உங்களுக்கு நிறைய பேர தெரியுமில்ல?”

வீட்டில் காட்டவில்லையா என்று கேட்டேன்.

“காட்டினேன்கா. எல்லாரும் நல்லா இருக்குன்னுதான் சொல்றாங்க. அம்மா கைப்பேசிய சாமி மேடையில வச்சு கும்பிட்டுட்டு எடுத்தாங்க. ஆனா யாருமே ரெண்டாவது தடவ அதத் திறக்கல.”

அந்தக் கடைசி வரி என்னை என்னவோ செய்துவிட்டது. வானொலியில் எங்கள் கதையும் இதுதான். நிகழ்ச்சி பிடித்தவர்கள் அழைத்து, “சூப்பர், தொடர்ந்து செய்யுங்க” என்பார்கள். பிடிக்காதவர்கள் அழைப்பதே இல்லை. காரில் ஒரு பொத்தானை அழுத்தி அடுத்த அலைவரிசைக்குப் போய்விடுவார்கள். அவர்கள் எந்த நிமிடத்தில், எந்தப் பேச்சில் போனார்கள் என்பதுதான் எனக்குத் தெரிய வேண்டும். பத்து ஆண்டுகளாக இந்த வேலையில் இருக்கிறேன், அதைச் சொல்ல இதுவரை ஒருவர்கூட அழைத்ததில்லை.

ஆங்கிலத்தில் ‘தி மாம் டெஸ்ட்’ என்று 2013-இல் ஒரு புத்தகம் வந்தது. ராப் ஃபிட்ஸ்பேட்ரிக் எழுதியது. உங்கள் தொழில் யோசனை நல்லதா என்று அம்மாவிடம் கேட்காதீர்கள், அன்பினால் பொய் சொல்லிவிடுவார் என்பதுதான் அதன் அடிப்படை. நம் வீடுகளில் அம்மா மட்டுமா சொல்கிறார்? சித்தி, மாமா, அலுவலக நண்பர், கோயிலில் பார்த்தவர் என எல்லோரும் அதே இரண்டு சொல்தான். நல்லா இருக்கு.

சரி, நாமே ஒரு குழு ஆரம்பித்துவிடுவோம் என்று அன்றிரவே தோன்றியது. வட மாநிலங்களில் சொந்தமாக ஏதாவது தொடங்கும் தமிழர்கள் ஒருவர் பொருளை ஒருவர் பயன்படுத்திப் பார்த்து, உள்ளதை உள்ளபடி சொல்ல ஒரு இடம். புலனத்தில் ஒரு குழுவை உருவாக்கி, மறுநாள் என் முகநூல் பக்கத்தில் இணைப்பைப் போட்டேன். ஒரே வாரத்தில் 140 பேர். நான் தலைகால் தெரியாமல் திரிந்தேன்.

இரண்டாவது வாரம் குழுவில் வந்தவற்றை எண்ணிப் பார்த்தேன். காலை வணக்கப் படங்கள் 61. பிரதோஷ நேரம் ஒன்று. நேரடி விற்பனைத் திட்டங்கள் நான்கு, அதில் இரண்டு ஒரே சவர்க்காரம். தன் பொருளைக் காட்டி, “இதில் என்ன குறை?” என்று கேட்டவர் எவரும் இல்லை. அந்த வேன் தம்பியும் வாய் திறக்கவில்லை. தனியாகக் கேட்டதற்கு, “இத்தன பேர் இருக்காங்க, வெக்கமா இருக்குக்கா” என்றான்.

எங்கே தப்பு செய்தேன் என்று தேடியபோதுதான் ஒரு பழைய கதையை ஒழுங்காகப் படித்தேன். கணினித் துறையில் இருப்பவர்களுக்கு ‘ஹேக்கர் நியூஸ்’ தெரிந்திருக்கும். இன்று உலகெங்கும் நிரலாளர்கள் கூடும் இடம் அது. 2007 பிப்ரவரி 19-ஆம் தேதி அது தொடங்கப்பட்டபோது பெயர் ‘ஸ்டார்ட்அப் நியூஸ்’. புதிய நிறுவனங்களுக்குச் சிறு முதலீடு தரும் ஒய் காம்பினேட்டரின் பால் கிரஹாம், தான் உருவாக்கிக்கொண்டிருந்த ‘ஆர்க்’ என்ற கணினி மொழியிலேயே அதை எழுதினார். கூட்டத்தைப் பிடிக்க அவர் அதைத் திறக்கவில்லை. தம்மிடம் பணம் பெற்ற, பெற நினைத்த நிறுவனர்கள் பேசிக்கொள்ள ஓரிடம் வேண்டும், தம் புதிய மொழி தாங்குகிறதா என்றும் பார்க்க வேண்டும் என்பதுதான் நோக்கம்.

அதிலும் எனக்குப் பிடித்தது அடுத்து நடந்தது. ஆறே மாதத்தில், ஆகஸ்டு 14-ஆம் தேதி, பெயரையே மாற்றிவிட்டார்கள். எந்நேரமும் புது நிறுவனங்களைப் பற்றியே படித்துக்கொண்டிருந்தால் நிறுவனர்களுக்கே சலித்துப் போகிறது, அறிவுக்குத் தீனி போடும் எதுவும் வரட்டும் என்று கதவைக் கொஞ்சம் அகலத் திறந்தார்கள். கருத்துக் கேட்பதற்காகத் தொடங்கிய இடம், தன்னைப் பற்றிய கருத்தைக் கேட்டுப் பெயரை மாற்றிக்கொண்டது. பிறகு அங்கே ஒரு வழக்கமும் வளர்ந்தது. நீங்கள் செய்ததை ‘ஷோ எச்என்’ என்று தலைப்பிட்டுக் காட்டலாம். ஆனால் மற்றவர்கள் கையில் எடுத்து இயக்கிப் பார்க்கக்கூடிய ஒன்றாக அது இருக்க வேண்டும். “விரைவில் வருகிறது, பதிந்துகொள்ளுங்கள்” என்ற அழைப்பிதழ் மட்டும் போதாது.

இதைப் படித்ததும் என் குழுவைக் கலைத்தேன். 140 பேருக்கும் மன்னிப்புக் கேட்டு ஒரு குரல் பதிவு அனுப்பினேன். (சவர்க்காரக்காரர் மட்டும் இன்னும் கோபமாக இருக்கிறார்.) பிறகு ஒவ்வொருவராக நானே தொலைபேசியில் அழைத்துப் பேசி 19 பேரைச் சேர்த்தேன். இந்த முறை விதி ஒன்றே ஒன்று. ஞாயிறுதோறும் ஒருவர் தன் பொருளை வைப்பார். மற்றவர்கள் புதன்கிழமைக்குள் அதைப் பயன்படுத்திப் பார்த்து, எந்த இடத்தில் நின்றுவிட்டார்கள் என்று சொல்ல வேண்டும்.

அந்த ஒரு விதியில்தான் பெரிய தப்பும் ஒளிந்திருந்தது.

இரண்டாவது ஞாயிறு சுங்கை ஆராவிலிருந்து ஓர் அக்காவின் முறை. தோசை மாவு அரைத்து விற்கிறார். நல்ல மாவு, நானே வாடிக்கை. தமானில் வீடு வீடாகக் கொடுத்துக்கொண்டிருந்தவர், ஒரு செயலி இருந்தால் தீவு முழுக்க விற்கலாம் என்று நினைத்தார். 2024 மே மாதம் ஊழியர் சேமநிதியில் மூன்றாவது கணக்கு வந்ததல்லவா, எப்போது வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்ற அந்தக் கணக்கு? அதிலிருந்து ஆறாயிரம் வெள்ளியை எடுத்து ஒருவரிடம் கொடுத்துச் செயலியைச் செய்துவிட்டார். வீட்டுக்காரருக்குத் தெரியாது.

19 பேரில் பதினொரு பேர் பதிவிறக்கம் செய்தோம். மூன்று பேர்தான் மாவு வாங்கும் கட்டத்துக்குப் போய்ச் சேர்ந்தோம். மற்ற எட்டுப் பேரும் ஒரே இடத்தில் நின்றிருந்தார்கள். பதிவுப் பக்கத்தில் அடையாள அட்டை எண் கேட்டது. எதற்கு என்று அக்காவுக்கே தெரியாது. செய்து கொடுத்தவர் வேறு எதற்கோ வைத்திருந்த படிவத்தை அப்படியே ஒட்டியிருக்கிறார்.

குழுவில் பாயான் லெப்பாஸ் தொழிற்சாலை ஒன்றில் தரக் கட்டுப்பாட்டில் 22 ஆண்டுகள் இருந்துவிட்டு, இப்போது சொந்தமாகச் சிறு இயந்திரங்கள் செய்யும் ஓர் அண்ணன் இருக்கிறார். புதன் இரவு அவர் எழுதினார்: “மாவு வாங்க ஐசி நம்பர் எதுக்கு? என் மனைவி கடைக்குப் போய் மாவு வாங்கிட்டு வர அஞ்சு நிமிஷம். உங்க செயலியில எனக்குப் பதினோரு நிமிஷம் ஆச்சு. தயவுசெஞ்சு இத மூடிடுங்க.”

இரவு 11.40-க்கு அக்கா குழுவிலிருந்து வெளியேறினார்.

மறுநாள் காலை அழைத்தேன். அழுதிருந்தார் என்பது குரலிலேயே தெரிந்தது. “குறை சொல்லட்டும் தங்கச்சி, அதுக்குத்தான் வந்தேன். ஆனா பத்தொன்பது பேர் பாக்கும்போதா? அதுல ரெண்டு பேர் எங்க தமான்.” நான் என்ன சொல்வது? அண்ணனையும் அழைத்தேன். அவருக்கும் வருத்தம்தான், ஆனால் பின்வாங்கவில்லை. “நான் ஃபேக்டரியில குறையப் பாத்து சும்மா விட்டிருந்தா, பொருள் கப்பல் ஏறிப் போய்த் திரும்பி வந்திருக்கும்மா. அவங்க இன்னொரு ஆறாயிரத்த போடுறதுக்கு முன்னால யாராவது சொல்லணுமில்ல?”

இரண்டு பேர் சொன்னதும் சரியாகத்தான் பட்டது. அன்று ஒலிபரப்பில் இரண்டு இடத்தில் தடுமாறினேன்.

அண்ணன் சொன்னதில் இரண்டு பகுதிகள் இருந்தன என்பது எனக்குப் பிறகுதான் பிடிபட்டது. “இங்கே நின்றேன், பதினொரு நிமிடம் ஆயிற்று” என்பது நடந்தது. அதை யாரும் மறுக்க முடியாது. “மூடிவிடுங்கள்” என்பது அவர் முடிவு. அதற்கு அவரைவிட அக்காவுக்குத்தான் உரிமை. நிபுணர்களின் முடிவு எவ்வளவு தூரம் தவறிப் போகலாம் என்பதற்கும் அதே ஹேக்கர் நியூஸில் ஒரு சாட்சி இருக்கிறது. 2007 ஏப்ரலில் ட்ரூ ஹூஸ்டன் என்ற இளைஞர் தம் புதிய மென்பொருளை அங்கே காட்டினார். கோப்புகளை இணையத்தில் வைத்து எந்தக் கணினியிலும் எடுத்துக்கொள்ளலாம், யுஎஸ்பி விரலியைத் தூக்கிப் போட்டுவிடலாம் என்றார். ஒருவர் உடனே, லினக்ஸ் கணினி வைத்திருப்பவர் இதை ஏற்கெனவே உள்ள சில கருவிகளைக் கோத்துத் தாமே செய்துகொள்ளலாமே என்று எழுதினார். அவரளவில் அது உண்மை. அவருக்கு அது தேவைப்படவில்லைதான். அந்த மென்பொருள்தான் டிராப்பாக்ஸ். 2018-இல் பங்குச் சந்தைக்கே வந்துவிட்டது.

எனவே விதியை மாற்றினோம். குறையைச் செய்தவருக்குத் தனியாகக் குரல் பதிவில் அனுப்ப வேண்டும். குழுவில் எதைப் பகிர்வது என்பதை அவரே முடிவு செய்வார். எங்கே நின்றோம், என்ன புரியவில்லை, எவ்வளவு நேரமானது என்று சொல்லலாம். ‘மூடிவிடு’, ‘மாற்றிவிடு’ என்று சொல்லக் கூடாது. குரல் பதிவு என்றது என் தொழில் புத்தி. எழுத்தில் கத்தி மாதிரி விழும் வாக்கியம், குரலில் கொஞ்சம் தயங்கி வருகிறது. அந்தத் தயக்கத்திலேயே கேட்பவருக்குப் பாதி ஆறுதல் கிடைத்துவிடுகிறது.

இதெல்லாம் நமக்குப் புதிதா என்று கேட்டால், பினாங்கில் இருந்துகொண்டு அப்படிச் சொல்ல முடியாது. பினாங்கு ஸ்திரீட்டில் நகரத்தார்களின் கிட்டங்கி இருந்தது. தைப்பூசத்துக்கு வெள்ளி ரதம் புறப்படும் கோயில் வீடும் அதே தெருவில்தான். 1894-இல் காரைக்குடியில் செய்து கப்பலில் கொண்டுவந்த ரதம் அது. கிட்டங்கி என்றால் ஒரே நீளக் கூடம். தரையில் வரிசையாகப் பெட்டியடிகள். ஒவ்வொரு பெட்டியும் ஒரு தனி நிறுவனம். பக்கத்துப் பெட்டிக்காரர் போட்டியாளர்தான், ஆனால் சாப்பாடு ஒரே சமையல்காரர் கையால். படுப்பதும் அங்கேயே. ஊரிலிருந்து புதிதாக வந்த பெட்டியடிப் பையன், எந்த வியாபாரிக்குக் கடன் கொடுத்தால் திரும்பும் என்பதை எட்டுப் பெட்டிகளின் பேச்சைக் கேட்டே கற்றுக்கொண்டான். கோயிலில் கூடி நடப்பு வட்டியையும் பேசி முடிவு செய்தார்கள். இப்போது ‘கூட்டுப் பணியிடம்’ என்று மாத வாடகைக்கு விடுகிறார்களே, அதில் மெத்தை நாற்காலி கூடுதல், மற்றபடி பெரிய வித்தியாசமில்லை. ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். கிட்டங்கியில் பெண்கள் கிடையாது, வெளியாருக்கும் இடமில்லை. அந்த நாளில் மாவு அக்காவால் அதன் வாசலைக்கூட மிதித்திருக்க முடியாது.

நம் காலத்துக்கு வந்தால், தமிழர் கதைகளில் முகமறியாத கூட்டத்தின் பேச்சைக் கேட்டு எழுந்தது ஃபிரெஷ்வொர்க்ஸ். திருச்சிக்காரரான கிரிஷ் மாத்ருபூதம் அமெரிக்காவிலிருந்து சென்னைக்குக் குடிபெயர்ந்தபோது, பெட்டிகளோடு வந்த தொலைக்காட்சி உடைந்து போயிருந்தது. காப்பீட்டுப் பணத்துக்காக மாதக்கணக்கில் எழுதினார், தொலைபேசினார். ஒன்றும் நடக்கவில்லை. கடைசியில், தாயகம் திரும்பும் இந்தியர்கள் கூடும் இணையக் குழு ஒன்றில் நடந்ததை அப்படியே எழுதினார். அந்தச் சரக்கு நிறுவனத்தின் தலைவரே வந்து மன்னிப்புக் கேட்டார், பணமும் வந்தது. நிறுவனத்திடம் தனியாகப் புலம்பிய வாடிக்கையாளரின் குரலைவிடக் கூட்டத்தின் நடுவில் நின்று பேசிய குரலுக்கு வலு அதிகம் என்று அவர் மனதில் பதிந்தது.

2010-இல் வாடிக்கையாளர் சேவை மென்பொருள் விற்கும் ஜென்டெஸ்க் நிறுவனம் விலையை 60 முதல் 300 விழுக்காடு வரை உயர்த்தியது. அது பற்றிய பேச்சு ஹேக்கர் நியூஸில் நடந்தபோது, சரியான விலையில் இன்னொன்றைக் கொண்டுவர இதுதான் நேரம் என்று யாரோ எழுதியிருந்தார். ஜோஹோவில் அதே துறை மென்பொருளை உருவாக்கியவர் கிரிஷ். வேலையை விட்டார். ஷான் கிருஷ்ணசாமியோடு சேர்ந்து அந்த ஆண்டே ஃபிரெஷ்டெஸ்க் நிறுவனத்தைத் தொடங்கினார். 2011-இல் பொருள் வெளிவந்தது. 2021 செப்டம்பர் 22-ஆம் தேதி நாஸ்டாக் பங்குச் சந்தையில் மணியடித்தார்கள். யாரோ ஒருவர் போகிற போக்கில் எழுதிவிட்டுப் போன ஒரு கருத்து! எழுதியவர் அன்றைக்கு மதியம் என்ன சாப்பிட்டாரோ, அதையும் மறந்திருப்பார்.

சென்னை நிறுவனர்கள் அதோடு நிற்கவில்லை. முன்னே போனவர்கள் பின்னே வருபவர்களுக்கு மூடிய அறையில் தம் தோல்விக் கணக்கையும் திறந்து காட்டும் கூட்டங்களை நடத்தினார்கள். அந்த வழியில் வளர்ந்ததுதான் ‘சாஸ்பூமி’. நடத்துபவர்களில் பெரும்பாலோர் தன்னார்வலர்களாகவே வரும் நிறுவனர்கள்.

பினாங்கிலும் ஆள் இல்லாமல் இல்லை. தகவல் வரைபடங்கள் செய்ய உலகெங்கும் பயன்படுத்தும் பிக்டோசார்ட் 2011-இல் இங்கேதான் பிறந்தது. உணவு கொண்டுவரும் டெலிவர்ஈட் 2012-இல் இங்கே தொடங்கியதுதான். விஸ்மா யாப் சோர் ஈ கட்டடத்தில் புது நிறுவனங்களுக்கென்றே கூட்டுப் பணியிடம் திறந்தார்கள். முடிதிருத்துநராகப் பினாங்குக்கு வந்து பிறகு வங்கியே வைத்தவரின் பெயரில் உள்ள கட்டடம் அது. பொருத்தமான இடம்தான். 2020-இல் மாநில அரசு டிஜிட்டல் பினாங்கு அமைப்பையும் உருவாக்கியது. இடம் இருக்கிறது, ஆள் இருக்கிறார்கள். நம் பிள்ளைகளுக்கு இல்லாதது வேறு.

1972-இல் பாயான் லெப்பாஸில் தொழிற்பேட்டை வந்தது, அதே ஆண்டு இண்டெலும் வந்தது. என் அம்மா தலைமுறையில் எத்தனை பேர் விடியற்காலையில் ஃபேக்டரி பஸ் ஏறி நம்மைப் படிக்க வைத்தார்கள்! சம்பளம் மாதக் கடைசியில் வந்துவிடும் என்ற உறுதிதான் அந்த வீடுகளைத் தாங்கியது. அந்த வீட்டுப் பிள்ளை, “வேலையை விட்டுச் சொந்தமாகச் செய்யப் போகிறேன்” என்றால் அம்மாவுக்கு வயிற்றைக் கலக்கத்தானே செய்யும்? அதனால் பலர் வீட்டில் சொல்வதில்லை. எங்கள் குழுவில் இப்போது 23 பேர். அவர்களில் ஒன்பது பேரின் வீட்டுக்கு அவர்கள் என்ன செய்கிறார்கள் என்று முழுதாகத் தெரியாது. இதைப் படிக்கும் பெற்றோர்களிடம் ஒன்று கேட்கிறேன். உங்கள் மகளோ மகனோ ஏதாவது செய்து கொண்டுவந்து காட்டினால், நல்லா இருக்கு என்று சொல்லாமல், இரண்டு நாள் பயன்படுத்திப் பாருங்கள். பிறகு எங்கே குழம்பியது என்று சொல்லுங்கள். முதலில் முகம் சுருங்கும், பரவாயில்லை.

வேன் தம்பியின் முறை ஏழாவது வாரம் வந்தது. குழுவில் டியூஷனுக்குப் பிள்ளைகளை அனுப்பும் தாய்மார்கள் ஐந்து பேர். அவர்களை இரண்டு வாரம் பயன்படுத்தச் சொன்னோம். குரல் பதிவுகள் வந்தன. ஐந்து பேருமே வரைபடத்தை ஒரு நாளுக்கு மேல் பார்க்கவில்லை. “சமைச்சுக்கிட்டு இருக்கும்போது யாருப்பா படம் பாத்துக்கிட்டு நிப்பா? வேன் தமானுக்குள்ள நுழைஞ்சிருச்சுன்னு ஒரு மெசேஜ் வந்தா போதும், நான் கேட்டைத் திறந்துடுவேன்” என்றார் ஒருவர். அந்த நகரும் வரைபடத்தைச் செய்ய அவனுக்கு நான்கு மாதம் ஆகியிருந்தது. இரண்டு நாள் யாரிடமும் பேசவில்லை. மூன்றாம் நாள் வரைபடத்தை எடுத்துவிட்டான். இப்போது மூன்று வேன்களில் அது ஓடுகிறது. பெரிய தொகை எதுவும் வரவில்லை, பெட்ரோல் காசு தேறுகிறது என்கிறான். அலுவலக வேலையை இன்னும் விடவில்லை. விடாதே என்று நானும் சொன்னேன்.

மாவு அக்கா குழுவுக்குத் திரும்பவே இல்லை. செயலியை நிறுத்திவிட்டார். போட்ட ஆறாயிரம் போனது போனதுதான். வீட்டுக்காரரிடமும் சொல்லிவிட்டாராம், ஒரு வாரம் வீடு அமைதியாக இருந்திருக்கிறது. இப்போது வியாழக்கிழமை புலனத்தில் பட்டியல் அனுப்பி, சனிக்கிழமை மாவு கொடுக்கிறார். முன்பைவிடக் கூடுதலாகவே விற்கிறது. தரக் கட்டுப்பாட்டு அண்ணனோடு இன்னும் பேச்சுவார்த்தை இல்லை. அவர் மனைவி மட்டும் அக்காவிடம்தான் மாவு வாங்குகிறார்.

போன மாதம் எனக்கு வந்த மாவுப் பொட்டலத்தோடு ஒரு துண்டுச் சீட்டு இருந்தது. “இந்தத் தடவ புளிப்பு கூடிடுச்சா? உண்மையச் சொல்லு தங்கச்சி.”

கூடித்தான் இருந்தது. குரல் பதிவில் சொன்னேன்.